மறதி பிடித்த உடம்பு

1

போன மாசி மாதம் என் மகன் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை என்னை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். பிரான்சில் கடிதங்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் வரியில் வணக்கம் இருக்கும். கடைசி வரியில் என்மீது அவர்களுக்குள்ள உயர்ந்த மதிப்பை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருப்பார்கள். நடுவில் திட்டியிருப்பார்கள். வந்த புதிதில் நான் முதலையும் கடைசியையும் மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது நேராக நடுவுக்குப் போய்விடுகிறேன்.

அகிலன் அதிக நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதுதான் நடுவில் இருந்தது. அவனுக்கு ஏழு வயது. ஐந்து வயது வரை ஒரு தும்மல்கூட இல்லாமல் வளர்ந்த பையன். இந்த இரண்டு வருடமாகக் காதில் சீழ், தொண்டையில் புண், வயிற்றுப்போக்கு, மறுபடி காது, ஒரு தடவை நிமோனியா என்று வரிசையாக வாங்கிக்கொண்டிருக்கிறான். தலைமையாசிரியையிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டே வந்து, நிமோனியாவில் நிறுத்தி, “இவ்வளவும் ஒரே பிள்ளைக்கா?” என்று கேட்டார். எங்களுக்கு ஒரே பிள்ளைதான் என்றேன்.

“வீட்டில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?” என்று அடுத்து கேட்டார். இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் ஆள் அனுப்புவார்கள், இல்லை என்றாலும் ஆள் அனுப்புவார்கள். வீட்டில் சளி இருக்கிறது என்றேன்.

ஒவ்வொரு விடுப்புக்கும் டாக்டர் சான்று வேண்டும் என்றார். டாக்டரம்மாவிடம் போனால், சாதாரணச் சளிக்கெல்லாம் சான்று எழுதச் சட்டத்தில் இடமில்லை என்றார். அவர் சொன்னதை இவரிடம் சொன்னேன், இவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். இருவர் பக்கமும் சட்டம் இருந்தது. நடுவில் நான் மட்டும் சட்டத்துக்குப் புறம்பாக நின்றேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். புதுச்சேரியைப் பூர்விகமாகக் கொண்ட, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்ததால் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகருக்கு வந்து சேர்ந்தேன். ஊரில் சிலர் இதை நான் எழுதிப் பாஸான பரீட்சை போல இன்னமும் பேசுகிறார்கள். பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு வேலை. பிள்ளைகளுக்கான சாப்பாடு என்பதால் அங்கே உப்பு அனேகமாகக் கிடையாது. உப்பளத்தில் பிறந்தவனுக்கு உப்பில்லாத தட்டைக் கழுவும் உத்தியோகம்.

2

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். பிரெஞ்சுப் பள்ளிகளின் பெரிய விடுமுறையும் நம் ஆடியும் ஒன்றாக வருவதால், நாங்கள் எப்போதும் கூழ் ஊற்றும் நேரத்துக்குத்தான் ஊரில் இருப்போம். போன பத்தாவது பன்னிரண்டாவது நாளில் அகிலனுக்குக் காய்ச்சல் அடித்தது. கண் சிவந்தது. பிறகு முகத்திலிருந்து மணல் தூவியது போலச் சிவப்புப் பொரி இறங்கியது. என் தங்கை செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, “மணல்வாரிண்ணா. ஆத்தா வந்துட்டா,” என்றாள். அந்த நிமிடத்திலிருந்து வீட்டு நிர்வாகம் அவள் கைக்குப் போய்விட்டது.

அகிலனுக்குப் பிரான்சில் ஒரு வயதிலேயே மணல்வாரிக்கு, அதாவது தட்டம்மைக்கு, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாவதுக்கு நேரம் வாங்கிவைத்திருந்தபோது கொரோனா ஊரடங்கு வந்து, அந்த நேரம் தள்ளிப்போய், தள்ளிப்போனதும் தள்ளிப்போயிற்று. முதல் ஊசியே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ளுமாம். சில பிள்ளைகளுக்குப் பிடிக்காதாம். எந்தச் சிலர் என்று முன்கூட்டித் தெரியாது. எங்களுக்குப் பின்கூட்டித் தெரிந்தது.

என் மனைவி மலர் பிரான்சில் பிறந்தவள். அவள் கடவுளை நம்புகிறாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யாரைப் பார்ப்பதானாலும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போவாள். வாசலில் வேப்பிலை கட்டி, தாளிப்பு நிறுத்தி, வெள்ளை வேட்டியில் வேப்பிலை பரப்பிப் பிள்ளையைப் படுக்கவைத்தபோது அவள் குறுக்கே பேசவில்லை. புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும் என்றபோதுதான் செல்வி மறித்தாள்.

“கூட்டினு போங்கண்ணி, வேணாங்கல. ஆனா ஊசி போடக் கூடாது. ஆத்தா உடம்புல இருக்கசொல்ல ஊசி பட்டா அவளத்தான குத்தற மாதிரி?”

டாக்டர் வைட்டமின் சொட்டும் காய்ச்சலுக்கு மருந்தும் கொடுத்தார். சொட்டு, ஊசி அல்ல என்பதால் செல்வி அனுமதித்தாள். எங்கள் குடும்பத்தில் முதல்முறையாக ஆங்கில வைத்தியமும் மாரியாத்தாளும் ஒரே கட்டிலில் இருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அகிலன் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மலர் காருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். நான் அவன் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அந்த வயிற்றோடு கோயிலுக்கு ஓடி, தலையில் குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வந்து பிள்ளை நெற்றியில் சாம்பல் பூசினாள். கார் வந்து சேர்வதற்குள் அகிலன் கண் திறந்து, பிரெஞ்சில் தண்ணீர் கேட்டான். செல்விக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் தண்ணீர் கொடுத்தது அவள்தான். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. நிறைவேறுவதற்குள் வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம்.

பொரி அடங்கிய பிறகு, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஒற்றைப்படை நாள் பார்த்து மூன்று முறை ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீரோடு ஆத்தா போய்விட்டாள் என்று அர்த்தம். போகிற விருந்தாளி எதையாவது எடுத்துக்கொண்டு போகிறாளா என்று நம் ஊரில் யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை.

3

தலைமையாசிரியையைப் பார்த்த வாரத்தில் அகிலனுக்கு மறுபடி காது. டாக்டரம்மா அலுத்துப்போய், “இவனுக்கு இதற்குமுன் பெரிய நோய் ஏதாவது வந்ததா?” என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் தட்டம்மைக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் என்றேன். அவர், இந்தியாவிலிருந்து முதியவர் ஒருவர் வந்து தங்கியதாக எழுதிக்கொண்டு, இன்னும் உங்களோடுதான் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, மூன்று முறை குளிப்பாட்டி அனுப்பிவிட்டோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மலர் வந்துதான் என்னை மீட்டாள்.

அவர் பிறகு சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நம் உடம்பில் ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. எந்தக் கிருமி எப்போது வந்தது, அதை எப்படி அடித்து விரட்டினோம் என்று அவைதான் ஞாபகம் வைத்திருக்கும். தட்டம்மைக் கிருமி குறிப்பாக அந்த அணுக்களைத்தான் தேடிப் பிடித்துத் தின்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டால் தட்டம்மையை மட்டும் ஆயுளுக்கும் மறக்காது. அதற்குமுன் சந்தித்திருந்த மற்ற கிருமிகளில் பலவற்றை மறந்துபோகும். சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடம்கூட இப்படி இருக்கலாம். பழைய கிருமிகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சந்தித்துத்தான் திரும்பக் கற்கவேண்டும்.

“காதுக்கும் தொண்டைக்கும் வருகிற கிருமிகளுக்கும் தட்டம்மைக்கும் எந்த உறவும் இல்லை,” என்றார். “ஆனால் கதவைத் திறந்துவிட்டது அதுதான்.”

எனக்கு உடனே பாத்தி மிதிப்பதுதான் ஞாபகம் வந்தது. மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் உப்பளத்தில் முதல் வேலை அதுதான். சேற்றைக் காலால் நாள்கணக்கில் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகினால்தான் தண்ணீர் பூமிக்குள் போகாமல் மேலே நின்று உப்பாகும். எல்லாம் மிதித்து முடித்த பிறகு பருவம் தப்பி ஒரு மழை அடித்தால் போதும், தரை இளகி, முதலிலிருந்து மிதிக்கவேண்டும். மழை இருந்தது ஒரு நாள். வேலை ஒரு பருவம். இதை டாக்டரம்மாவிடம் விளக்க முயன்றேன். அவர் உப்பின் அளவைக் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அகிலன், “பாப்பா, என் உடம்புக்கு மறதி வியாதியா?” என்று பிரெஞ்சில் கேட்டான். எங்கள் ஊரில் பாப்பா என்றால் கைக்குழந்தை. இங்கே அப்பா. பாதி மறந்துவிட்டது, திரும்பிப் படிக்கிறது என்றேன், தமிழில். அவனுக்குத் தமிழ் புரியும். பேசுவதை நிறுத்திவிட்டான். ஊரில் அத்தை மடியில் உட்கார்ந்து பேசிய தமிழ் எங்கே போயிற்று என்று நான் யாரையும் கேட்டதில்லை. அதற்குத் தட்டம்மைமேல் பழி போட முடியாது. எனக்கு அது காது வலியைவிடப் பெரிய வருத்தம்.

அன்று கிளம்புவதற்கு முன் டாக்டரம்மா என் தோளையும் பார்த்திருந்தார். குளிருக்கு மூன்று சட்டை போட்டிருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு அங்கே இருக்கிறது. சமையற்கூடத்தில் எல்லோரும் வரிசையாக ஃப்ளூவில் விழும்போது நான் மட்டும் விழுவதில்லை என்று மலர்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். நான் தின்கிற மிளகாய்தான் காரணம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். டாக்டரம்மா, அந்த ஊசி காசநோயோடு நிற்காமல் உடம்பின் காவலைப் பொதுவாகவே கொஞ்சம் உஷார்ப்படுத்துகிறது என்று சிலர் நினைக்கிறார்கள், சில இடங்களில் சிறு குழந்தைகளிடம் அப்படித் தெரிந்திருக்கிறது, சில இடங்களில் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

“அப்படியானால் என் விஷயத்தில்?”

“உங்கள் விஷயத்தில் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.”

அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தெரியாததைத் தெரியாது என்பார். நம் ஊரில் இதற்குத் தனியாக ஃபீஸ் கேட்பார்கள்.

4

இதையெல்லாம் நான் செல்வியிடம் சொன்னேன். அவளிடம் சொல்லாத வியாதி அகிலனுக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் அவள் முதலில் கேட்பது, “அகிலனுக்கு இன்னாண்ணா?” என்பதுதான். எப்படி இருக்கிறான் என்று கேட்கிற கட்டத்தை நாங்கள் தாண்டிவிட்டோம். நானும் காது, தொண்டை, வயிறு என்று ஒப்பிப்பேன். இங்கே யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது. கேட்ட உடனே டாக்டரைப் பார்த்தாயா என்பார்கள். செல்வி கேட்டுக்கொண்டிருப்பாள். சில நேரம் அழுவாள். எனக்கு அது இதமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அம்மை மற்ற நோய்க்கும் கதவைத் திறந்துவிடும் என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, “யாழினிக்கு மணல்வாரி ஊசி போட்டாச்சில்ல?” என்று கேட்டேன். யாழினி அவள் மகள். அந்த ஆடியில் வயிற்றில் இருந்தவள். இப்போது ஒன்றரை வயதாகிறது. செல்வி, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமும் பால் இருந்தது. அதற்கடுத்த வாரம் அவள் வீட்டுக்காரர் முருகையனைக் கூப்பிட்டேன். அவர் சின்ன அளவில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். உப்பு வாரிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கியபடியே பேசினார்.

“பாப்பாவுக்கு ஒரு ஊசியும் போடல மச்சான். நர்ஸம்மா புதன்கிழம புதன்கிழம வந்து கத்திட்டுப் போறாங்க. அவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா இவ புள்ளைய தூக்கினு அவங்க பெரியம்மா வூட்டுக்குப் போயிடறா. எங்கிட்ட கேக்காதீங்க. அது அண்ணன் தங்கச்சி விவகாரம்.”

“இதுல அண்ணன் எங்க வந்தான்?”

“நீங்களே கேளுங்க,” என்றார். பிறகு குரலை இறக்கி, “குப்பத்துப் பக்கம் ரெண்டு புள்ளைங்களுக்கு மணல்வாரி போட்டிருக்குதாம் மச்சான். எனக்கும் பயமாத்தான் இருக்குது,” என்றார்.

நான் இயந்திரத்திலிருந்து வந்த தட்டுகளை அடுக்குவதை விட்டுவிட்டு அங்கேயே செல்விக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாள், உடனே எடுப்பாள். எடுத்தாள்.

“ஏம்மா, புள்ளைக்கு ஏன் ஊசி போடல?”

“பொறந்தப்ப ஒண்ணு போட்டாங்க.”

“அது காசநோய்க்கு.”

“அதுவே என்னக் கேக்காம போட்டது. நான் அரை மயக்கத்துல இருந்தேன். ஆத்தாளுக்கு அது தெரியும், அது கணக்குல வராது.”

“என்ன கணக்கு?”

நான் இரண்டு முறை அலோ என்றேன்.

“அன்னைக்கு மத்தியானம் உன் புள்ள கண்ண தொறக்கலையேண்ணா,” என்றாள். “நான் போயி ஆத்தாகிட்ட சொன்னேன். அகிலன எனக்குக் குடுத்துடு, என் வயித்துல இருக்கறத உனக்கு விட்டுடறேன், அது உம் புள்ள, அது மேல ஊசி பட விடமாட்டேன்னு சொன்னேன். வூட்டுக்கு வர்றேன், அவன் கண்ண தொறந்துட்டான்.”

அவள் தொடர்ந்தாள்.

“நான் சரியாத்தான் இருக்கறேன். ஆனாலும் வாரா வாரம் நீ போன் பண்ணி அவனுக்குக் காதுன்ற, நெஞ்சுல சளின்ற. பொறந்தப்ப போட்ட அந்த ஒரு ஊசியாலதான் அவனுக்கு இப்படி இழுக்குதுன்னு எனக்குத் தோணுது. இன்னொண்ணு போட்டா அவன் தாங்குவானாண்ணா?”

இரண்டு வருடமாக நான் ஆறுதலுக்காகப் புலம்பிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாழினியின் கையை ஒரு ஊசியிலிருந்து விலக்கிக்கொண்டு போயிருக்கிறது. பிறக்காத பிள்ளையை அடகு வைத்து என் பிள்ளையை வாங்கித் தந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வந்த கோபமும், அவள் காலில் விழவேண்டும் என்று வந்ததும் ஒன்றாக வந்தன. இரண்டில் எதையும் போனில் செய்ய முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம், பிறந்தபோது போட்ட காசநோய் ஊசி ஒன்று மட்டும் இருக்கிற குழந்தைக்கு அது மற்றதற்கெல்லாம் காவல் இருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் உதவலாம், அதை நம்பி ஒரு நாளும் உட்காராதீர்கள் என்றார். யாருடைய குழந்தை என்று கேட்டார். என்னுடையது மாதிரி என்றேன்.

5

செல்வியிடம் பாத்தியை வைத்துப் பேசிப் பார்த்தேன். மணல்வாரி வந்து போன உடம்பு மழை அடித்த பாத்தி மாதிரி, அதனால்தான் அகிலனுக்கு எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது, உன் வேண்டுதலில் ஒரு குறையும் இல்லை, யாழினிக்கு அந்த மழை அடிக்காமல் இருக்கத்தான் ஊசி என்றேன். உப்பளத்துக்காரி என்பதால் ஒரே பேச்சில் புரிந்துகொண்டாள்.

“புரியுதுண்ணா. ஆனா மழைய பெய்ய வைக்கறது யாரு?”

இதற்கு டாக்டரம்மாவாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்துக் குப்பத்தில் அம்மை ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர், வேண்டுதலை மாற்றிக் கட்டலாம் என்றிருக்கிறார். ஆனால் யாருக்காக வேண்டினாயோ அங்கேதான் பலன் போயிருக்கிறது, பாரமும் அங்கேதான் போகும், அந்தப் பிள்ளையின் அப்பன் தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும் என்றிருக்கிறார். அப்பன் பிரான்சில் இருக்கிறான் என்றதற்கு, ஸ்பீக்கரில் போட்டால் போதும் என்றாராம். எங்கள் அம்மன் இந்த நாட்டு அலுவலகங்களைவிட நெகிழ்வானவள்.

ஊரில் சாயங்கால விளக்கு வைக்கும் நேரம் எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகள் மலையாக வந்து குவியும் நேரம். நான் உடை மாற்றும் அறைக்குள் போய் நின்றேன். போனில் மணிச் சத்தம் கேட்டது. பூசாரி ஒரு முறை இருமிவிட்டுப் பேசினார்.

“தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. தாயே, யாழினிய வேண்டுதல்ல இருந்து விட்டுடு. அதனால வர்றது எதுவா இருந்தாலும் எம் புள்ள அகிலன் மேல வரட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். தாயே என்பதோடு நின்றுவிட்டேன்.

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. கும்பிடாமல் இருப்பவனும் இல்லை. நோய் கிருமியால் வருகிறது என்று எனக்குத் தெரியும். எந்த அணுவை எந்தக் கிருமி தின்கிறது என்றுகூட ஓரளவு தெரியும். இந்த வாக்கியத்தில் ஒன்றுமில்லை, வெறும் காற்று என்பதும் தெரியும். ஆனாலும் அகிலன் மேல வரட்டும் என்ற மூன்று சொற்களை என் நாக்கு தூக்க மறுத்தது. போன வருடம் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த முகம் முன்னால் வந்தது. என்மேல் வரட்டும் என்று சொல்லலாமா என்று கேட்டேன்.

“செல்லாது தம்பி. பலன் உங்களுக்குப் போகல.”

பின்னால் செல்வியின் குரல் கேட்டது. “வேணாண்ணா. உட்டுடு. உனக்கு இஷ்டம் இல்லன்னா உட்டுடுண்ணா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.” அவள் இடுப்பில் யாழினி ஏதோ மழலையில் கத்திக்கொண்டிருந்தது. கோயில் மணியை அடிக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறது போல. அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் தன் பிள்ளையை வைத்து யோசிக்காமல் சொன்னதை, நான் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். முடிவில் குரல் உடைந்து போயிற்று.

அந்த அறையில் பக்காரி என்று மாலி நாட்டுக்காரர் ஒருவர் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாதவர். நான் பேசி முடித்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். யாரோ இறந்துவிட்டதாக நினைத்துவிட்டார். இல்லை என்று விளக்கினால் இன்னும் நீளும் என்பதால் நன்றி சொன்னேன். அன்று மீதித் தட்டுகளை அவரே கழுவினார்.

மலரிடம் அன்று மாலை சொன்னேன். எதற்காகத் தயங்கினாய் என்று கேட்டாள். அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

6

புதன்கிழமை யாழினிக்கு ஊசி போட்டார்கள். நர்ஸம்மா நம்பாமல் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டாராம். விடுபட்டவை நிறைய இருந்ததால் இரண்டு தொடையிலும் கையிலுமாக அன்றைக்கு மூன்று ஊசி. மீதியை அடுத்த மாதம் போடவேண்டும். முருகையன் போட்டோ அனுப்பினார். பிள்ளை அழுத முகத்தோடு ஒரு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அகிலனுக்குக் காய்ச்சல் வந்தது.

அதைக் காய்ச்சல் என்று மட்டும்தான் எழுதவேண்டும். அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வாரம் இருந்தது. டாக்டரம்மா போனிலேயே, காது சிவக்கவில்லை, மூச்சு நன்றாக இருக்கிறது என்றால் வரவேண்டாம், இவன் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுக்கொள்வான் என்றார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் வேலைக்குப் போகும்போது என்னைப் பார்த்தாள். அவள் மீண்டும் ஒருமுறை அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனதை நான் கவனித்தேன்.

பிறகு செல்வி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அவளாகக் கூப்பிடுவது வழக்கமில்லை. நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

“பாப்பாவுக்கு ஊசி போட்ட எடம் வீங்கியிருக்குதுண்ணா. நேத்து உடம்பு சுட்டுது. நர்ஸம்மா குடுத்த மருந்து குடுத்தேன். இப்ப உப்பு மூட்டை மேல ஏறிக்கினு எறங்க மாட்டேங்குது.”

“அப்படித்தான் இருக்கும். நல்லதுதான்.”

“அடுத்த மாசத்துக்குத் தேதி கேட்டாங்க. எங்கண்ணன கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிட்டேன்.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “அகிலன் எப்படிண்ணா இருக்கான்?”

இரண்டு வருடத்தில் அவள் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“நல்லா இருக்கான். ஸ்கூலுக்குப் போயிருக்கான்,” என்றேன்.

உள்ளே அகிலன் இருமினான். நெஞ்சிலிருந்து வருகிற, நீளமான இருமல். சுவர்கள் இங்கே அட்டை மாதிரி, எதையும் தடுக்காது.

“யாருண்ணா இருமறது?”

“நான்தான்,” என்றேன். அவள் நம்பவேண்டுமே என்று போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கூடியவரை நெஞ்சிலிருந்து இரண்டு முறை இருமினேன்.

“பனியில போவாதண்ணா. வெந்நி வச்சிக் குடி,” என்றாள். பிறகு, “அப்ப தேதி சொல்லிடறேன்,” என்றாள்.